அறிவு மங்கியவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டா?

பொழுது சாய்ந்தபின் உண்ணாமை என்னும் நோன்பு நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக நிலவி வருவது. அதன் பெருமையை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நோன்பை ஐம்பது ஆண்டுகள் வழுவாது காத்த ஒருவர் தலையில் அடிபட்டு, இன்று என்ன கிழமை என்பதும் அறியாதவராய் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர், "பொழுது போய்விட்டது, மருந்து வேண்டாம்" என்று வாயை மூடிக்கொண்டால், அச்சொல்லை அவருடைய தீர்மானமாகக் கொள்வதா, நோயின் பிதற்றலாகக் கொள்வதா?

இவ்வினா என் குடும்பத்திலேயே எழுந்தது. நான் அதற்கு முதலில் கண்ட விடை தவறானது. அத்தவற்றை மறைக்காமல் எழுதினால் பிறருக்குப் பயன்படக்கூடும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நிகழ்ந்தது

என் தமையனார் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வேளாண்மை செய்து வாழ்பவர். தமது 68ஆம் வயதில் ஒரு நாள் மாலை இருசக்கர வண்டியிலிருந்து தடுமாறி விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மூளையின் வலப்புறத்திலும் நெற்றியை ஒட்டிய பகுதியிலும் இரத்தம் கட்டிவிட்டது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்து அதனை அகற்றினார்கள். உயிர் பிழைத்தார், ஆயினும் இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன. சில வாரங்களுக்குப் பின் அவரை மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே அவர் பேசினார்; எங்களை அடையாளம் கண்டார். ஆனால் காலையில் உண்டதை நண்பகலில் மறந்தார். பேரனைச் சில வேளைகளில் காலஞ்சென்ற எங்கள் தம்பியின் பெயர் சொல்லி அழைத்தார். வலிப்பு வராமல் காக்கக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை தரவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. காலையில் மறுப்பின்றி உட்கொண்டார். இரவில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. செவிலியர் கெஞ்சியும் அண்ணியார் அழுதும் பயனில்லை. "நோயாளி ஒத்துழைக்கவில்லை, மனக்குழப்பம் உள்ளது" என்று ஏட்டில் எழுதப்பட்டது.

இரவில் அவர் தண்ணீர் மட்டும் அருந்துவார். ஆகவே நான் மாத்திரையைப் பொடித்து அத்தண்ணீரில் கலந்து கொடுத்தேன். எட்டு இரவுகள் அவ்வாறே கொடுத்தேன். ஒன்பதாம் இரவு ஒரு வாய் அருந்தியதும் டம்ளரைத் தள்ளிவிட்டு, "தம்பி, இதில் என்ன கலந்தாய்? கசக்கிறதே" என்றார். "ஒன்றும் கலக்கவில்லை, அண்ணா" என்றேன்.

மறுநாள் காலையில் அவருக்கு அது நினைவில் இல்லை. ஆனால் அன்றுமுதல் நான் தண்ணீர் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணியார் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். காரணம் கேட்டால், "எனக்குத் தெரியவில்லை" என்பார். நிகழ்ச்சியை மறந்த உள்ளம் அது ஏற்படுத்திய வடுவை மறக்கவில்லை. அப்போதுதான் நான் செய்தது என்ன என்பது எனக்கு உறைத்தது.

மருத்துவர் கேட்ட கேள்விகள்

மறுவாழ்வுப் பிரிவின் தலைமை மருத்துவரான அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவர் ஏன் மறுக்கிறார் என்று யாராவது அவரையே கேட்டீர்களா?" என்று மட்டும் வினவினார். நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, அவர் நன்கு உறங்கி எழுந்து பால் அருந்தியபின், மருத்துவர் அவர் அருகில் அமர்ந்தார். மூக்குக்கண்ணாடியை அணிவிக்கச் செய்தார். அறையிலிருந்த தொலைக்காட்சியை நிறுத்தினார். சிறு சிறு வாக்கியங்களில் மருந்தின் பயனையும், உட்கொள்ளாவிட்டால் விளையக்கூடியதையும் எடுத்துரைத்தார். பிறகு, "நான் சொன்னதை உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள்" என்றார். தமையனார் மெதுவாக, "மூளையில் அடி. வலிப்பு வரும். வராமலிருக்க மாத்திரை" என்றார். "உங்களுக்கு வலிப்பு வரக்கூடும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?" என்றதற்கு, "வரலாம். தலை உடைந்திருக்கிறதே" என்று தலைத் தையலைத் தொட்டுக் காட்டினார். "அப்படியானால் இரவில் ஏன் மறுக்கிறீர்கள்?" என்று கேட்டபோது அவர் சொன்ன விடையை நான் என்றும் மறவேன்: "மருந்து வேண்டாம் என்று யார் சொன்னது? பொழுதிருக்கக் கொடுங்கள்."

எங்கள் ஒருவருக்கும் தோன்றாத வழி அது. மருத்துவர் பிற்பகலிலும் மறுநாளும் மீண்டும் வந்து அதே கேள்விகளைக் கேட்டார். முன்பு வந்ததையே தமையனார் மறந்திருந்தார். ஆனால் விடை மூன்று முறையும் ஒன்றாகவே இருந்தது. மருந்தின் தன்மையை ஆராய்ந்த பின்னர், பொழுது சாய்வதற்கு முன்பே மாலை மாத்திரையைக் கொடுக்குமாறு மருத்துவர் நேரத்தை மாற்றி எழுதினார். அன்று மாலை ஐந்து மணிக்குத் தமையனார் தாமே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. "நாளைக்கே ஊருக்குப் போக வேண்டும், பம்புசெட்டுக்குத் தனியே போய்வருவேன்" என்று பிடிவாதம் செய்தார். மருத்துவர் முன்போலவே அமர்ந்து கேட்டார். கால் தளர்ந்தவர் வரப்பில் நடந்தால் விழக்கூடும் என்பதைத் தமையனார் ஒப்புக்கொண்டார். ஆனால், "எனக்குக் கால் தளரவில்லையே" என்றார். இடக்கையைத் தூக்கச் சொன்னபோது அது எழவில்லை. "சற்றுக் களைத்திருக்கிறது" என்றார். மூளையின் வலப்பாகம் பழுதுற்றவர்களில் சிலர் தம் உடலின் இடப்புறக் குறையைத் தாமே உணரமாட்டார்கள். இது வீம்பு அன்று. நோயின் ஒரு கூறு. ஆகவே இந்த ஒரு தீர்மானத்தைச் செய்யும் திறன் அவருக்கு இப்போது இல்லை என்று மருத்துவர் முடிவு செய்தார். தமையனார் சினங்கொண்டார், இரண்டு நாட்கள் அவருடன் பேசவில்லை.

ஒரே மனிதர், ஒரே வாரம். ஒன்றில் அவர் சொல் ஏற்கப்பட்டது, மற்றொன்றில் ஏற்கப்படவில்லை. இரண்டும் சரியே என்று இன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அன்று முதலாவது மட்டுமே எனக்கு வியப்பாக இருந்தது. நமக்குப் பிடித்த முடிவை வியப்பின்றி ஏற்றுக்கொள்வது மனித இயல்பு.

திறன் என்பது யாது?

நோயாளி தம் சிகிச்சையைப் பற்றித் தீர்மானிக்கும் திறன் உடையவரா என்பதை ஆராய நான்கு கூறுகளைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க அறிஞர்களான பால் அப்பெல்பாம், தாமஸ் கிரிஸ்ஸோ ஆகிய இருவரும் 1988இல் எழுதினார்கள். சொல்லப்பட்டதைப் புரிந்துகொள்ளுதல், அது தமக்கே பொருந்துவது என்று உணர்தல், நன்மை தீமைகளைச் சீர்தூக்குதல், தம் விருப்பத்தைத் தெரிவித்தல் என்பனவே அவை. தமையனார் மருந்தைப் பற்றிய வினாவில் இந்நான்கையும் உடையவராக இருந்தார். ஊருக்குப் போவதைப் பற்றிய வினாவில் முதற்கூறு இருந்தது. தமக்கே பொருந்துவது என்னும் இரண்டாவது இல்லை.

பலரும் மயங்குமிடம் ஒன்றுண்டு. தலைக்காயமுற்றவரின் விழிப்பு நிலையை அளக்க 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இன்று எல்லா ஊர்களிலும் வழங்குகிறது. கண் திறத்தல், பேசுதல், அசைதல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, 3 முதல் 15 வரை கணக்கிடுவார்கள். நாள், இடம், நினைவு, கணக்கு முதலியவற்றைச் சோதித்து 30க்கு மதிப்பெண் தரும் சிறு தேர்வு ஒன்று 1975இல் வெளிவந்தது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் இவை எதுவும் தீர்மானத் திறனை அளப்பவை அல்ல. கிழமை தெரியாதவர் தம் மருந்தைப் பற்றித் தெளிவாக முடிவு செய்யலாம். 30க்கு 28 பெற்றவர் தம் கால் தளர்ந்ததை அறியாதிருக்கலாம்.

நெற்றிப்புற மூளை பழுதுற்றவர்களிடம் இம்மயக்கம் இன்னும் ஆழமானது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1848இல் பினியஸ் கேஜ் என்னும் இரயில் பாதைத் தொழிலாளியின் தலையை ஓர் இரும்புக் கம்பி ஊடுருவிச் சென்றது. அவர் பிழைத்தார்; நடந்தார்; பேசினார். ஆனால் குணம் மாறிவிட்டது என்று அவரை அறிந்தோர் உரைத்தனர். இத்தகைய காயமுற்றவர்களுள் சிலர் அமைதியான அறையில் கேட்ட கேள்விக்கெல்லாம் அழகாக விடையளிப்பார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். ஆதலால் இவர்களிடம் சொல்லை மட்டும் கேட்டால் போதாது. சமையற்கூடத்திலும் படிக்கட்டிலும் அவர்கள் செய்வதையும் பார்க்க வேண்டும். அதனைப் பார்ப்பவர்கள் உடற்பயிற்சியாளரும் செவிலியரும் வீட்டாருமே.

இதற்கு எதிரான மயக்கமும் உண்டு. 1861இல் பாரிஸ் நகரில் பியர் பால் புரோக்கா என்னும் மருத்துவர் ஆராய்ந்த நோயாளி ஒருவர், எதைக் கேட்டாலும் ஒரே ஓர் அசையையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் பிறர் பேசுவதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். மூளையின் இடப்பாகத்தில் காயமுற்றுப் பேச்சிழந்தவர்களை நாம் அறிவிழந்தவர்களாக எண்ணிவிடுகிறோம். படத்தைக் காட்டி விரலால் சுட்டச் சொன்னாலும், "ஆம்" என்பதற்கு ஒரு முறையும் "இல்லை" என்பதற்கு இரு முறையும் கண் சிமிட்டச் சொன்னாலும் அவர்கள் தம் கருத்தைத் தெரிவிக்கக் கூடும். கேட்கும் வழியைத் தேடாமல், "அவரால் முடியாது" என்று கூறுவது நம் சோம்பலேயன்றி அவரது குறையாகாது.

நம் ஆகமம் காட்டும் ஒளி

சேதனையே ஜீவனின் இலக்கணம் என்பது நம் அடிப்படைக் கொள்கை. ஞானாவரணீய கர்மம் அறிவை மறைக்குமேயன்றி அழிப்பதில்லை. நிகோத ஜீவனிடத்தும் மிக நுண்ணிய ஓர் அறிவு என்றும் மறைக்கப்படாமல் திறந்தே நிற்கும் என்று நம் ஆசாரியர்கள் வகுத்துக் காட்டினார்கள். எத்துணை அடர்ந்த மேகம் மூடினும் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமற் போவதில்லை அன்றோ? நிகோதத்திலேயே அணையாத விளக்கை மனிதப் பிறவியில், தலையில் ஒரு காயம்பட்டவுடன் அணைந்துவிட்டது என்று நாம் கூறுவது ஆகமத்துக்கு ஒத்ததா?

மதிஞானம் அவக்கிரகம், ஈகை, அவாயம், தாரணை என நான்கு படிகளில் நிகழும் என்பதை நம் பாடசாலைச் சிறுவரும் அறிவர். பொருளைப் பற்றுதல், ஆராய முனைதல், துணிதல், நினைவில் நிறுத்துதல் என்பன அவை. மருத்துவ அறிஞர் கூறும் நான்கும் இவையும் ஒன்றே என்று சொல்லிப் பெருமை கொள்ள நான் முற்படவில்லை. இரண்டும் வேறு வேறு நோக்கத்துக்காக எழுந்தவை. ஆயினும் ஒரு பாடம் இதில் உண்டு. நான்காம் படியாகிய தாரணை தளர்ந்ததனால் மூன்றாம் படியாகிய துணிபு இல்லையென்று ஆகிவிடாது. தமையனாரிடம் நினைவு நிற்கவில்லை, துணிபு நின்றது. மறந்த பின்னும் ஒவ்வொரு முறையும் அவர் அதே முடிவை வந்தடைந்தார். இங்கிலாந்தில் 2005இல் இயற்றப்பட்ட மனத்திறன் சட்டமும், செய்தியைச் சிறிது நேரமே நினைவில் வைத்திருக்க இயலும் என்பதால் மட்டும் ஒருவரைத் திறனற்றவர் என்று கொள்ளலாகாது என்கிறது.

இரண்டாவதாக, அநேகாந்தம். எப்பொருளையும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் நோக்கியே கூறவேண்டும் என்பது நம் முறை. "இவர் திறனுடையவர்" என்றோ "திறனற்றவர்" என்றோ முற்ற முடிந்த முடிவாகக் கூறுவது ஏகாந்தம். எந்தத் தீர்மானத்தைக் குறித்து? எந்த இடத்தில்: இரைச்சல் மிக்க கூடத்திலா, அமைதியான அறையிலா? எந்த வேளையில்: உறங்கி எழுந்த காலையிலா, களைத்த மாலையிலா? எந்த நிலையில்: காய்ச்சலிலா, வலியிலா, தூக்க மருந்தின் மயக்கத்திலா? காயமுற்ற முதல் வாரங்களில் அறிவு அலைபோல் எழுந்தும் விழுந்தும் நிற்கும். அவசரமில்லாத தீர்மானத்தை அக்காலத்தில் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. உயிர் காக்கும் அவசரமாயின் மருத்துவர் காத்திருக்கலாகாது. சட்டமும் அதற்கு இடம் தருகிறது.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அநேகாந்தத்தைக் காட்டி, "அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம்" என்று நழுவுவது சியாத்வாதம் ஆகாது. இன்ன நோக்கில் இஃது உறுதி என்று துணிவதே நயம். மருத்துவர் அம்மையார் இரண்டு வினாவுக்கும் இரண்டு உறுதியான விடை தந்தார். தயங்கி நின்றிருந்தால் தமையனார் ஒன்றில் தம் நோன்பையும், மற்றொன்றில் ஒருவேளை உயிரையும் இழந்திருப்பார்.

இம்சை எங்கே நிகழ்கிறது?

கவனமின்மையால் பிராணன்களை ஊறுபடுத்துவதே இம்சை. பிராணன்கள் பத்து. ஐம்பொறிகள், மூச்சு, ஆயுள் ஆகியவற்றோடு மனவலிமை, வாக்கு வலிமை, உடல் வலிமை என்பனவும் அவற்றுள் அடங்கும். இதனை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால், பேசுகின்ற ஒருவரின் பேச்சை மதிக்காமல் அவர் வாய்க்குள் மருந்தை மறைத்து ஊற்றும்போது அவருடைய வாக்குப் பிராணனையும் மனப் பிராணனையும் ஊறுபடுத்துகிறேன் என்பது அந்த எட்டு இரவுகளில் எனக்குத் தோன்றவில்லை. நோக்கம் நல்லதே. அவர் உயிரைக் காக்கவே செய்தேன். ஆனால் கேட்டிருந்தால் கேடு வந்திராத இடத்தில் கேளாமல் செய்தேனே, அதுதான் பிரமாதம், கவனமின்மை.

அவ்வாறாயின் ஒருபோதும் மறுப்பை மீறலாகாதா? அப்படியும் கூற முடியாது. மருந்து எதற்கு என்பதையே அவர் அறியாமல் மறுத்திருந்தால், வலிப்பினின்றும் அவரைக் காப்பது எங்கள் கடமையாகியிருக்கும். அப்போதும் அதனை ஒருவர் தன்னிச்சையாக இரவில் ஒளித்துச் செய்யாமல், மருத்துவரும் குடும்பத்தாரும் கூடி முடிவு செய்து, ஏட்டில் எழுதி, அவருடைய நோன்புக்கு இயன்றவரை இடம் தந்து செய்திருக்க வேண்டும். அறியாதவரை அவர் சொல்லுக்கே விட்டுவிட்டு, "அவர் விருப்பம்" என்று கைகழுவுவதும் இம்சையே. பம்புசெட்டுக்குத் தனியே அனுப்பியிருந்தால் அது மரியாதையாகாது, கைவிடுதலாகும்.

இவற்றினும் கடினமான வினா ஒன்றுண்டு. எல்லாவற்றையும் தெளிவாக அறிந்த பின்னும், "வலிப்பு வந்தாலும் வரட்டும், இரவில் உட்கொள்ளேன்" என்று அவர் உறுதியாகக் கூறியிருந்தால்? நான் துன்புற்றிருப்பேன், வாதாடியிருப்பேன், நோன்பின் விலக்குகளை எடுத்துச் சொல்ல அவர் மதிக்கும் பெரியோரை அழைத்து வந்திருப்பேன். முடிவில் அவர் சொல்லுக்குத் தலைவணங்க வேண்டியவனாகியிருப்பேன். நாம் விரும்பும் முடிவைச் சொன்னால் திறனுடையவர், விரும்பாததைச் சொன்னால் திறனற்றவர் என்று கொள்வதாயின், சோதிக்கப்படுவது அவர் அறிவு அன்று. நம் விருப்பமே அளவுகோலாகிவிடுகிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தலைக்காயத்தைப் பற்றியது அன்று. ஆயினும் அதன் நான்காம் பிரிவு கூறும் கருத்து எல்லோர்க்கும் பொருந்தும்: ஒருவரது தீர்மானம் பிறருக்குத் தவறாகப் படுவதனாலேயே அவர் திறனற்றவர் என்று ஆகிவிடாது.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, சொத்து. தமையனார் மருத்துவமனையில் இருந்த நாட்களில் உறவினர் ஒருவர் பாகப் பத்திரத்துடன் வந்தார். "அண்ணன் முன்பே சம்மதித்ததுதான், கைரேகை மட்டும் போதும்" என்றார். திருப்பி அனுப்பினோம். சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் பொய்ப்பத்திரம் எழுதுதல் ஒன்று. அடைக்கலப் பொருளைக் கவர்தல் மற்றொன்று. பின்னதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் சிந்திக்கத் தக்கது. பொருளை ஒப்படைத்தவர் அதன் அளவை மறந்து குறைத்துக் கேட்கும்போது, "ஆம், அவ்வளவே" என்று கொடுத்து மீதியை வைத்துக்கொள்வதே அக்குற்றம். ஒருவரது மறதியைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்வதை நம் முன்னோர் எத்துணை நுட்பமாகக் கண்டித்திருக்கிறார்கள்! மருந்தைப் பற்றித் தீர்மானிக்கும் திறன் ஒருவருக்கு இருப்பது, நிலத்தைப் பற்றித் தீர்மானிக்கும் திறன் உண்டென்பதற்குச் சான்றாகாது.

இரண்டாவது, உணவு மறுப்பு. மூளைக்காயமுற்றோர் பலர் உணவை மறுப்பது உண்டு. விழுங்குவதில் இடர், சுவை கெடுதல், மனச்சோர்வு, முன்முயற்சியே எழாத நிலை என அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பலவற்றுக்கு மருத்துவமும் உண்டு. இம்மறுப்பைக் கண்டு, "பெரியவர் சல்லேகனை மேற்கொண்டுவிட்டார்" என்று சொல்லிவிடும் ஆபத்து நம் சமூகத்துக்கே உரியது. இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அந்நோன்புக்குரிய காலத்தையும் முறையையும் வரையறுத்துள்ளன. மாற்ற இயலாத இடர், பஞ்சம், மூப்பு, நோய் என்பவற்றில், தெளிந்த அறிவோடு, பகையும் பற்றும் நீக்கி, எல்லோரிடமும் பொறுத்தருள வேண்டி மேற்கொள்வது அது. சாவை விரும்புவதும் அதற்குக் குற்றமே. 2015 ஆகஸ்டு மாதம் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாக்கித் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் சமணர் வருந்தி அணிவகுத்தோம். அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தெளிந்த அறிவோடு செய்யும் துறவு அது என்பதே நம் வாதத்தின் உயிர். அறிவு தெளியாதவரின் உணவு மறுப்புக்கு அப்பெயரைச் சூட்டினால், அவ்வாதத்தின் வேரை நாமே அறுத்தவர்களாவோம்.

இல்லறத்தார் செய்யத் தக்கன

தீர்மானத் திறனை முறைப்படி ஆராய்ந்து கூறவேண்டியவர் மருத்துவரே. ஆனால் அவருக்கு வேண்டிய செய்தியைத் தரவல்லவர்கள் நாம்தாம். நோயாளியின் விரதங்கள், அவர் விலக்கும் பொருள்கள், காயத்துக்கு முன் அவர் பேசிவந்த கருத்துகள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இரவுணவு மறுப்பு எங்கள் தமையனாரின் ஐம்பதாண்டு நோன்பு என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால், "குழப்பம்" என்ற சொல் ஏட்டில் ஏறியிராது. கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் ஆகியவற்றை வீட்டில் விட்டுச் செல்லலாகாது. மருத்துவர் கேட்கும் கேள்விக்கு நாம் முந்திக்கொண்டு விடை சொல்லலாகாது. இன்று இல்லாத திறன் மூன்று மாதங்களில் திரும்பலாம். ஆகவே மீண்டும் சோதிக்குமாறு வேண்ட வேண்டும். ஒரு தீர்மானத்தைச் செய்ய இயலாதவரையும் உரையாடலிலிருந்து விலக்கலாகாது. ஊருக்குப் போகும் நாளைக் குறிக்க இயலாதவர், எந்தப் பேரன் துணைக்கு வரவேண்டும் என்பதைச் சொல்ல இயலுமே.

நலமாக இருக்கும்போதே நம் விருப்பத்தை எழுதி வைக்கவும் இன்று வழி உண்டு. இறுதிக்காலச் சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதும் விருப்ப ஆவணத்தை உச்சநீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் கையொப்பமிட்டால் போதும் என்றது. அதில் அடங்காத நோன்பு, உணவு முதலியவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்து வைப்பது நலம்.

தமையனார் ஐந்து மாதங்களில் ஊர் திரும்பினார். கைத்தடியின்றி நடக்கலாகாது என்பதைப் பின்னர் தாமே உணர்ந்தார். நினைவு முழுவதும் திரும்பவில்லை. தசலக்ஷண பருவம் முடிந்து எல்லோரும் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டும் நாளன்று, ஜினாலயத் திண்ணையில் அவர் அருகில் அமர்ந்து, தண்ணீரில் மருந்து கலந்ததையும், பொய் சொன்னதையும் கூறினேன். மறந்துவிட்டவரிடம் மன்னிப்புக் கேட்பதில் பொருளுண்டோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. மறந்தவரை ஏமாற்றுவது குற்றமாயின், மறந்தவரிடம் உண்மை உரைப்பதும் கடமைதானே என்று துணிந்தே சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை நாள்?" என்று கேட்டார். "எட்டு நாள், அண்ணா" என்றேன். "அப்படியானால் எட்டு நாள் ஒருவேளை உணவு" என்றார். மருந்து தடைபடாமல் அதற்கு வழி உண்டா என்று மருத்துவரைக் கேட்டு அறிந்தபின், மறுநாள் முதல் எட்டு நாட்கள் அவர் பகலில் ஒருவேளை மட்டுமே உண்டார். நாட்கணக்கு அவருக்கு நிற்காது. ஆதலால் நாள்தோறும் நான் சென்று, இன்று எத்தனையாம் நாள் என்று சொல்லி, அவருடன் அமர்ந்து அந்த ஒருவேளை உணவை உண்டுவந்தேன்.